மேடத்தின் யோசனை

"அந்தப் பொண்ணு நமக்கு வேணாம் மேடம்" என்றார் சூப்பர்வைசர் அருள்.

குமணன்சாவடி மசாலா கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்கு வெள்ளானூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள் நிரோஷா. அவளை நிரந்தரமாக்கலாமா என்று முதலாளியின் மகள் ஃபஸீலாதான் சொல்ல வேண்டும்.

"வேலை எப்படிச் செய்றாங்க?"

"வேலையில கொற சொல்ல முடியாது மேடம். ஆனா திமிரு. பேசுனா மூஞ்சியப் பாக்கமாட்டேங்குது. மெஷின் ஓடுனா காதப் பொத்திக்கினு வெளிய பூடுது. யாரோடயும் சேராம தனியா குந்திக்கினு சாப்புடுது. அதுக்குன்னு தனியா ரூமு கட்டியா குடுக்க முடியும்?"

ஃபஸீலா கையிலிருந்த ஃபைலை மூடி வைத்தாள்.

"அருள்ணா, நான் என்னைக்காவது உங்க முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கேனா?"

அருள் யோசித்தார். இப்போதும் அவள் ஜன்னலைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்ல மேடம்."

"மெஷின் சத்தம் எனக்கும் ஆகாது. எனக்கு ஆட்டிசம்னு டாக்டர் சொன்னதும், சத்தம் உள்ள வராத மாதிரி வாப்பா இந்த ரூமைக் கட்டிக் கொடுத்தாங்க. நானும் இங்க தனியாத்தான் சாப்பிடுறேன். என்னைத் திமிர் பிடிச்சவன்னு நெனச்சீங்களா?"

"சேச்சே, இல்ல மேடம்."

"வேற என்ன நெனச்சீங்க?"

அருள் தலையைச் சொறிந்தார். "எப்பவும் கம்பெனியப் பத்தியே யோசிச்சிக்கினு கீறீங்கன்னு நெனச்சேன் மேடம்."

"நிரோஷாவும் அதையேதான் யோசிக்கிறாங்கன்னு வெச்சுக்கோங்க" என்றாள் ஃபஸீலா, ஜன்னலைப் பார்த்தபடியே. "நாளைக்கு மெஷின் இல்லாத பக்கம் அவங்களுக்கு ஒரு மேஜை போட்டுடுங்க."