ஏழாவது படியில் கண்ணாடி

"இதை ஒரு கதைன்னு நினைச்சுப் படிங்க மேடம். சொல்றவர் பொய் சொல்றாரா, இல்லையா? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

இன்ஸ்பெக்டர் தாள்களை மேஜைமேல் வைத்தார். பேராசிரியை அவற்றைத் தொடவில்லை.

"நான் கதாபாத்திரங்களைப் பத்திப் பாடம் நடத்துறவ. கைதிகளைப் பத்தி இல்ல."

"இன்னும் கைதியாகலை. அஞ்சு மணிக்குள்ள நான் முடிவு பண்ணணும்."

சுவர்க் கடிகாரத்தில் நாலு பத்து.

நேற்று மாலை, நூலகத்தின் பின்பக்கப் படிக்கட்டின் கீழே இலக்கியத் துறைத் தலைவர் மண்டை உடைந்து இறந்து கிடந்தார். அந்த நேரம் கட்டடத்தில் இருந்ததாகத் தெரிந்தது நூலக உதவியாளர் மட்டும்தான். எந்நேரமும் தோளில் துடைக்கும் துணியோடு அலைவதால் மாணவர்களுக்கு அவர் தூசி அண்ணன். அவருக்கும் தலைவருக்கும் முந்தாநாள்தான் ஊரறிய வாய்ச்சண்டை. போதாதா? 'தூக்கி உள்ளே போடு' என்றார் மேலதிகாரி.

இன்ஸ்பெக்டருக்குத்தான் கை வரவில்லை. இதே கல்லூரியில் படித்த காலத்தில், தேர்வுக்கு முதல் நாள் பூட்டிய நூலகத்தைத் திறந்து தனக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்த மனிதர் தூசி அண்ணன். ஆனால் அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் ஓர் இடம் மட்டும் முள்ளாக உறுத்தியது. அதனால்தான் பழைய ஆசிரியையிடம் ஓடி வந்திருந்தார்.

துறைப் பொறுப்பு இன்று காலையிலிருந்து பேராசிரியையிடம். இறந்தவரின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு பாத்திரத்தை அக்குவேறு ஆணிவேறாப் பிரிக்க உங்களை விட்டா யார் மேடம்?"

"ஐஸ் வைக்காதே. உனக்கு நான் எவ்வளவு மார்க் போட்டேன்?"

"நாப்பத்திரண்டு. பக்கத்தை மாத்தித் தைச்சிருந்தேன்னு அதுலயும் அஞ்சு குறைச்சீங்க."

"பின்னே? பக்கம் தாவினா படிக்கிறவங்க தடுக்கி விழுவாங்க. எனக்கு ஒரு வரி தாவினாலே ஆகாது."

சொல்லிக்கொண்டே தாள்களை இழுத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து மேஜைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். படித்துக்கொண்டிருந்த பேராசிரியை, தலையைத் தூக்காமலே கை நீட்டி அதை மூடி வைத்தார்.

கடைசித் தாளையும் புரட்டியபோது நாலரை.

"சொல்லட்டுமா? முதல் பக்கம் பூரா தன்னைப் பத்தியேதான். 'நான் பாட்டுக்கு அலமாரி துடைச்சுக்கிட்டிருந்தேன்.' அப்பாவி வேஷம். அடுத்தது, சண்டை போட்டதை அவராவே ஒத்துக்கறார். நாம கண்டுபிடிக்கறதுக்குள்ள தானே சொல்லி நல்ல பேர் வாங்கிக்கற உத்தி."

"நேர்மையான ஆளா இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம். ஆனா கண்ணாடி இடிக்குதே."

இன்ஸ்பெக்டரை உறுத்திய முள்ளும் அதுதான்.

"ஒரு மனுஷன் படியில உருண்டு விழறார். அவரோட மூக்குக்கண்ணாடி மட்டும் ஏழாவது படியில, ரெண்டு காதும் மடிச்சு, ஒரு கீறல் இல்லாம உட்கார்ந்திருந்ததாம். விழறவன் கண்ணாடியைக் கழட்டி மடிச்சு வெச்சுட்டா விழுவான்?"

"மாட்டான்."

"கதை கட்டத் தெரியாதவங்க பண்ற தப்பு இது. நம்ப வைக்கணும்னு ஒரு விவரத்தைக் கூடுதலா வைப்பாங்க. அதுவே காட்டிக் கொடுத்துடும். இந்த ஆள் பொய் சொல்றார். எழுதிக்கோ."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து எழுதினார். எழுத்து கோணியது.

"சம்பிரதாயத்துக்குக் கேக்கறேன் மேடம். நேத்து சாயங்காலம் நீங்க..."

"மூணு மணிக்கே வீட்டுக்குப் போயிட்டேன். அவர் போனதே காலையில பேப்பர் பார்த்துத்தான் தெரியும்."

பேனாவைத் திறந்தபடியே வைத்துவிட்டு, இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்.

"ஏட்டய்யா, வண்டியை எடுங்க. தூசி அண்ணனைக் கோர்ட்டுக்குக் கொண்டு போகணும்."

"அழுதுக்கிட்டே இருக்கார் சார். வீட்டுல சொல்லிட்டு வரட்டுமான்னு கேக்கறார்."

"இருங்க, லைன்லயே இருங்க."

போனைக் காதில் வைத்தபடியே தாள்களை வரிசையாக அடுக்கினார். ஒன்று. இரண்டு. நான்கு.

மேஜைக்கடியில் பார்த்தார். இல்லை. தன் கோப்பைத் திறந்தார். அங்கேதான் இருந்தது மூன்றாம் பக்கம். முள்ளாக உறுத்துகிறதே என்று மதியம் ஜீப்பில் அதை மட்டும் உருவிப் படித்தவர், திரும்பச் சேர்க்க மறந்திருந்தார்.

இரண்டாம் பக்கம், 'சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் படிக்கட்டில்' என்று பாதி வாக்கியத்தில் நின்றது. நான்காம் பக்கம், 'போலீஸ் வரும்வரை பக்கத்திலேயே நின்றேன்' என்று தொடங்கியது. நடுவில் ஒரு முழுப் பக்கம் காணோம். ஒரு வரி தாவினாலே ஆகாதவர் எங்கேயும் தடுக்கி விழவில்லை.

கண்ணாடி இருந்தது அந்த மூன்றாம் பக்கத்தில் மட்டும்தான். தூசி அண்ணன் அதைத் தன் துணியில் சுற்றி இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தது, பேப்பர்காரர்களுக்கு என்ன, மேலதிகாரிக்கே இன்னும் தெரியாது.

குறித்துக்கொள்ளப் பேனாவைத் தேடினார். அது மேஜையின் ஓரத்துக்கு இணையாக, மூடி போட்டு, மடித்து வைத்த அந்தக் கண்ணாடியைப் போலவே ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

"சார், ஏத்திடவா?" என்றது போன்.

"வேண்டாம்," என்றார் இன்ஸ்பெக்டர், பேராசிரியையின் கைகளிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவரை வீட்டுக்கு அனுப்பிட்டு, இங்க ஒரு லேடி கான்ஸ்டபிளை அனுப்புங்க."