கொம்பும் வாலும்

"எந்த மடையன் பேச்சைக் கேட்டு இந்தப் பலகையெல்லாம் மாத்தி எழுதுன?"

பாலக்கோட்டு பஸ் கொட்டகையில் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்த முனிராஜ் நிமிர்ந்தான். கல் உடைக்கும் ராமக்காள், முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டபடி நின்றாள்.

"முதலாளிதாங்க ஆத்தா. இங்கிலீஷ்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்துன்னு ரெண்டு இருக்குது. எல்லாமே பெரிய எழுத்தா இருந்தா தூரத்துலயே தெரியும்னாரு."

"என்னத்தத் தெரிஞ்சுது? நேத்து தர்மபுரிக்குன்னு கரி போட்டு ஓட்டற பஸ்ஸுல ஏறுனேன், பென்னாகரத்துல எறக்கி வுட்டான். ஒரு நாள் வேலை போச்சு. இன்னொரு வாட்டி வரலைன்னா வேற ஆளப் போட்டுக்குவேங்கறான் மேஸ்திரி. பழையபடி எழுதுப்பா."

"எழுதுனா என் வேலை போயிரும். கண்டக்டரைக் கேட்டு ஏறுங்களேன்."

"கேக்க மாட்டேன்."

என்ன வீம்பு இது என்று நினைத்தான். "ஆத்தா இங்கிலீஷ் படிச்சிருக்காப்பல."

"எனக்கு எந்த எழுத்தும் தெரியாது. தர்மபுரிக்கு மொதல்ல ரெண்டு கொம்பு, நடுவுல வாலு, கடைசில ஒரு பொட்டு. பென்னாகரத்துக்கு ஒத்தக் கொம்பு, நடுவுல வாலு, மத்ததெல்லாம் தரையோட தரை."

முனிராஜுக்குச் சிரிப்பு வந்தது. கழற்றிப் போட்ட பழைய பலகைகளைப் புளியமரத்தடிக்குத் தூக்கிப் போய் ஒவ்வொன்றாகக் காட்டினான்.

"தர்மபுரி," என்றாள் கொட்டகையிலிருந்து. "இது பென்னாகரம். இப்பவும் அதையேதான் காட்டுற, ஏமாத்தாத."

புதுப் பலகைகளைக் காட்டினான். "ரெண்டும் ஒரே செங்கச் சுவருப்பா."

எல்லாவற்றையும் மரத்தில் சாத்திவிட்டுத் திரும்பி வந்தான். அவளருகே நின்று கண்ணைப் பாதி மூடிப் பார்த்தான். பெரிய எழுத்துகள் கரைந்து, ஒரே நீளத்தில் இரண்டு கறுப்புப் பட்டைகள் கிடந்தன. எது எந்த ஊர் என்று எழுதிய அவனுக்கே தெரியவில்லை. சின்ன எழுத்தில் மட்டும் கொம்பும் வாலும் அப்படியே நின்றன. இத்தனை வருஷம் அவன் கையால் எழுதியதுதான். ஒரு நாளும் இதைப் பார்த்ததில்லை.

"முதலாளி வெரட்டுனா வெரட்டட்டும் ஆத்தா. சாயங்காலத்துக்குள்ள மாத்திப்புடறேன். எழுத்தே தெரியாம இதை எப்பிடிங்க கண்டுபுடிச்சீங்க?"

கேட்டுக்கொண்டே, பதிலுக்கு நிற்காமல் அவளுக்குப் பின்புறம் இருந்த பெயிண்ட் டப்பாவை எடுக்கப் போனான்.

"கண்டுபுடிச்சுத்தான ஆவணும்? மேஸ்திரிகிட்ட மட்டும் சொல்லிராத தம்பி, நீ நல்லா இருக்கணும்" என்று, தூணில் தொங்கிய அவன் சட்டையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள் ராமக்காள்.

டப்பாவோடு திரும்பிய முனிராஜ் அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தான். இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது.