பதின்மூன்று வரை

கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி, கணக்கு வாத்தியாரின் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள் பள்ளி நூலகர் சுகிர்தா.

27886171.

வேலையில் சேர்ந்த அன்று அவளுக்குக் கொடுத்த எண்.

"இது பகா எண்ணா இல்லையா, பாத்துச் சொல்லுங்க சார்."

ஆசிரியர் அறையில் மெல்லுகிற சத்தம்கூட நின்றுபோனது. மூலையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

அவனுக்குக் காது சுட்டது.

'பகா எண்' என்ற பட்டப்பெயரை அவளுக்கு வைத்தவன் அவன்தான். அவளுக்கு வயது நாற்பத்தாறு, கல்யாணம் இல்லை, தனி வீடு. 'ஒன்றாலும் தன்னாலும் மட்டும்தான் வகுபடும், வேறு யாரும் கிட்டே போக முடியாது' என்று ஒருநாள் டீ நேரத்தில் எடுத்துவிட்டான். கணக்கு வாத்தியாருக்குக் கைதட்டல் கிடைப்பது அபூர்வம். அன்று கிடைத்தது. ஒரே வாரத்தில் பள்ளிக்கூடம் முழுக்க அவள் 'பகா எண்' ஆகிவிட்டாள். அவள் காதுக்கு மட்டும் அது போகாது என்று எந்தத் தைரியத்தில் நம்பினானோ.

இப்போது அவள் போய்விட்டால் போதும் என்றிருந்தது.

ஒற்றைப்படை. கடைசி இலக்கம் ஒன்று, ஐந்து போகாது. இலக்கங்களைக் கூட்டினால் நாற்பது, மூன்றும் போகாது. மும்மூன்று இலக்கமாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தான். அறுநூற்று எண்பத்தெட்டு மிஞ்சியது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று மூன்றும் ஒரே அடியில் அவுட்.

முறைப்படி ஐயாயிரத்து இருநூற்று எண்பது வரை உள்ள பகா எண்களை எல்லாம் போட்டுப் பார்க்க வேண்டும். இப்படிப் பாதியில் நிறுத்துகிற பிள்ளைகளை வகுப்பில் எழுப்பி நிற்க வைப்பவன் அவன்.

"ஆமா மேடம். பகா எண்தான்."

"இல்ல சார். பதினேழுல மீதியில்லாமப் போகுது."

நான்காக மடித்த தாளை விரித்துக் காட்டினாள். பென்சில் கணக்கு. அழித்து அழித்துத் தாள் நைந்திருந்தது. குறுக்குவழி எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. இரண்டில் தொடங்கி ஒவ்வொரு எண்ணாலும் முழுசாக வகுத்திருந்தாள். நான்கு, ஆறு, எட்டால்கூட.

"நேத்து லீவுதானே, உக்காந்து ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்தேன். அப்ப அந்தப் பேரு எனக்குப் பொருந்தாதுல்ல சார்?"

அவள் குரலில் கோபமே இல்லை. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற குரல்.

அவன் கூனிக்குறுகிப் போனான். வகுபடாமல் இருந்திருந்தால் அந்தப் பெயரைச் சரியென்று ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்திருப்பாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும். இங்கேயே, இத்தனை பேர் முன்னால்.

வாயைத் திறந்தான்.

"கணக்கு சரிதான் மேடம்."

"தேங்க்ஸ் சார்" என்றாள்.

உண்மையாகவே நன்றிதான் சொன்னாள்.