பத்து எண்ணும் வரை

மைசூரில் அரண்மனையாக இருந்து ஹோட்டலான கட்டடத்தில் அறைகளைச் சுத்தம் செய்பவள் பஞ்சவர்ணம்.

"காலி ரூம்னாலும் மூணு தட்டு தட்டி, 'ஹவுஸ்கீப்பிங்'னு சொல்லி, பத்து எண்ணிட்டுத்தான் உள்ள போகணும், கொத்தாய்த்தா, புரிஞ்சுதா?" என்று சூப்பர்வைசர் தேவம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள்.

அந்தப்புரப் பக்கத்துக் கடைசி அறையில் ஆறு மாதமாக யாரும் தங்கவில்லை. அங்கேயும் பஞ்சவர்ணம் தினமும் தட்டுவாள். பதில் வராது. வாய்விட்டுப் பத்து எண்ணிவிட்டு நுழைவாள்.

இன்று காலை அந்த அறையில் அவள் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது, வெளியே யாரோ மூன்று தட்டு தட்டினார்கள்.

"ஹவுஸ்கீப்பிங்."

அவளுடைய குரலேதான். அவள் ஊரான மார்டள்ளியின் அதே இழுப்பு.

'ஆள் இருக்கேன்' என்று கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கதவைத் திறக்கும் அட்டை அவள் இடுப்பில்தான் இருந்தது.

வெளியே நிதானமாக எண்ணும் சத்தம் கேட்டது. "ஏழு... எட்டு..."