பிடிகொடுக்காத ஆட்டம்

பையன் ராணியைத் தொடவில்லை. அதைப் பார்த்ததுமே தோத்தாத்ரிக்கு அவன்மேல் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக் கூடத்தில், பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியை முடித்திருந்தார்கள். பையன் பெயர் ஸ்ரீரங்கன். தபாலில் தானாக வந்த ஜாதகம். ஆனால் தோத்தாத்ரி ஜாதகத்தை நம்புகிறவர் அல்ல. சதுரங்கப் பலகையைத்தான் நம்புவார். முன்பு வந்த பேங்க் ஆபீசர் எடுத்த எடுப்பிலேயே ராணியை வெளியே விட்டான். பதற்றக்காரன் என்று கழித்துவிட்டார். அடுத்தவன் சிப்பாய்களைத் தாறுமாறாகத் தள்ளினான். குடித்தனத்துக்கு ஆகாது.

"இதையாவது தட்டிவிடாதீங்கோ. ரமாவுக்கு இருபத்தெட்டாறது," என்று காலையிலேயே கெஞ்சியிருந்தாள் மனைவி கோமளா.

ஸ்ரீரங்கன் குதிரையை எடுத்து வைத்தான். ராஜா பக்கத்துச் சிப்பாய் ஒன்றை ஒரு கட்டம் நகர்த்தி, அதன் பின்னால் பிஷப்பை ஒளித்தான். ராஜாவைக் கோட்டைக்குள் அனுப்பினான். நடுச் சிப்பாய்கள் இன்னும் அசையவில்லை.

"பார்த்தேளா?" என்றார் தோத்தாத்ரி, பையனின் அப்பாவிடம். "சிப்பாய் மட்டும்தான் பின்னால வராது. அதனால விவரம் தெரிஞ்சவன் நடுவுல அவசரப்பட்டு வார்த்தை குடுக்க மாட்டான். எதிராளி எதை ஆடினாலும் இவன் இதையே ஆடலாம். இந்த வீட்டுல தினம் சொல்றேன், யாருக்குப் புரியறது?"

காப்பி கொண்டுவந்த ரமா தலையைக் குனிந்துகொண்டாள். பீச் ஸ்டேஷன் போகும் ட்ரெயினில் ஆபீஸுக்குப் போய் வருவதைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவர் எண்ணம்.

பையனைச் சோதிக்க, வேண்டுமென்றே தம் குதிரையை அவன் குதிரையின் வாயில் கொண்டுபோய் வைத்தார். சும்மா வெட்டலாம். ஸ்ரீரங்கன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடுச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினான்.

தோத்தாத்ரிக்கு உடம்பு சிலிர்த்தது. பிறத்தியார் பொருளுக்கு ஆசைப்படாதவன். வரதட்சணைப் பேச்சே வராது. மனிதர்களின் உள்ளே இருப்பதெல்லாம் தமக்கு மட்டும் இப்படித் தெரிந்துவிடுகிறதே என்று சற்றுப் பயமாகக்கூட இருந்தது.

"போதும், நிறுத்திக்கலாம். ஆரம்பத்தைப் பார்த்தா ஆளைப் பார்த்தாப்பல. எனக்குப் பூரண சம்மதம்," என்றார். "மாப்பிள்ளை, அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்கோ. முழு ஆட்டம் ஆடுவோம்."

ஸ்ரீரங்கனின் முகம் வெளிறியது. அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் கொல்லைப் பக்கம் போய் நாலு வார்த்தை பேசிக்கோங்கோ."

முன்பின் பழகாதவர்கள் எதில் ஆரம்பிப்பார்கள் என்று அறியும் ஆசையில், ஜன்னலோரம் போய் நின்றார் தோத்தாத்ரி. கிணற்றடியிலிருந்து ஸ்ரீரங்கனின் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது.

"ரமா, ட்ரெயின்ல நீ இதுவரைக்கும்தானே சொல்லிக்குடுத்தே?"