மிச்சம் பதினொரு கிலோமீட்டர்

தண்டாயுதத்தின் வலது முட்டியில் டாக்டர் பொட்டு மாதிரி ஒரு வில்லையை ஒட்டினார். அந்த முட்டி இன்னும் எவ்வளவு தூரம் நடக்கும் என்று அது காட்டும். பதினொரு கிலோமீட்டர் என்றது. அதற்கப்புறம் கட்டிலோடு சரி.

“வலிச்சப்பவே ஓடுறதை நிறுத்தியிருக்கலாமே சார்?”

நிறுத்தவில்லை. வலிக்க வலிக்கத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஆறு வருஷம் ட்ரெட்மில்லில் ஓடினார். எதிரே சுவர்த் திரையில் திருவண்ணாமலை கிரிவலப் பாதை விரியும். எட்டு லிங்கமும் வரிசையாக வந்து போகும். மனைவி செண்பகவல்லி ஒவ்வொரு பௌர்ணமிக்கும், “ஒரு தடவை நிஜமாவே போய்ச் சுத்திட்டு வரலாங்க” என்பாள். “இப்பதான் ஓடி முடிச்சேன், முட்டி விண்ணு விண்ணுனு தெறிக்குது. அடுத்த மாசம் பார்ப்போம்” என்பார்.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் வில்லையைக் காட்டினார். மலையைச் சுற்றிவரப் பதினாலு கிலோமீட்டர் என்பது இருவருக்குமே தெரியும்.

“பதினொண்ணு வரைக்கும் உன்கூட நடக்கிறேன் செண்பகம். மீதிக்கு ஆட்டோ பிடிச்சுக்கலாம்.”

செண்பகவல்லி அவர் முட்டியில் கையை வைத்தாள்.

“வேணாங்க. அது பாத்ரூமுக்குப் போக வர இருக்கட்டும்.”