கிழிந்த மஞ்சள் கவுன்

வீடு மாற்றுவதற்காக அம்மா பழைய பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை கூடமெல்லாம் பரவியது. கட்டிக்கொடுத்த மகள்கள் இருவரும் சின்னப் பிள்ளைகளாகித் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"எல்லாமே நெட்டச்சி போட்டுக் கழிச்சது," என்றாள் குட்டி. "ஒரு புதுச் சட்டைக்கு எனக்குக் கொடுப்பினை இருந்துச்சா?"

"நான் என்ன பண்ணுவேன்? பனைமரமாட்டம் வளந்துட்டேன்," என்று சிரித்தாள் நெட்டச்சி.

அம்மா பெட்டியின் அடியிலிருந்து ஒரு மஞ்சள் கவுனை எடுத்தாள். அக்குளில் கிழிந்திருந்தது.

"இதையுமா வெச்சிருக்கே?" என்றாள் குட்டி. "நான் மாட்டும்போதே டர்ருனு கிழிஞ்சுது. நீ மூலையில உட்கார்ந்து அப்படி அழுதே. ஒரு கவுனுக்கா இவ்வளவுன்னு நான் பயந்தே போயிட்டேன்."

"எல்லாக் கிழிசலையும் தைச்சு வெக்கிறவ, இதை மட்டும் ஏம்மா விட்டுட்டே?" என்று கேட்டாள் நெட்டச்சி.

அம்மா கிழிசலை விரலால் நீவினாள். பிறகு குட்டியைப் பார்த்தாள்.

"குடல் வீங்கிப் புண்ணாகி வருஷக்கணக்கா கிடந்தே. குடுத்த மாத்திரையில கன்னம் உப்பிச்சே தவிர, ஆள் வளரல. அப்புறம் டாக்டர் மருந்தை மாத்தினார். புண்ணு ஆறினா தானா வளருவான்னார். நான் நம்பல. அன்னிக்குத்தான்டி முதல் தடவையா உன் தங்கச்சியோட கவுன் உனக்குப் பத்தாமப் போச்சு."